தாயின் பால்யம், சேயின் தொட்டில்

கர்ப்பம் உறுதியான நாளிலிருந்து ஒரு பெண்ணைப் பற்றித் தமிழ்நாட்டு மருத்துவத் துறை அறிந்துகொள்வது கொஞ்சநஞ்சமல்ல. எடை, உயரம், ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை, ஸ்கேனில் தெரியும் சிசுவின் வளர்ச்சி என எல்லாம் அட்டையில் ஏறுகின்றன. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இம்மாநிலத்துப் பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவமனையிலோ சுகாதார நிலையத்திலோதான் நடக்கின்றன. மருத்துவத் துறையின் கண்ணில் படாமல் பிள்ளை பெறும் தாய் அநேகமாக இல்லை. ஆனாலும் இத்தனை பரிசோதனைகளுக்கு நடுவில், “மனசு எப்படிம்மா இருக்கு?” என்ற கேள்வி பெரும்பாலும் வருவதில்லை. அந்தப் பெண் சிறுமியாக இருந்தபோது அவருக்கு என்ன நடந்தது என்பது யார் நினைவிலும் எழுவதில்லை.

இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதுதான் கடந்த ஐம்பது ஆண்டு ஆய்வுகளின் சாரம். “தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை” என்கிறது நம் பழமொழி. ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் படித்தால் அந்தப் பழமொழிக்குப் பாதி மதிப்பெண்தான் போட முடியும். பால்யத் துன்பம் தலைமுறை தாண்டுவது உண்மை. அது தாண்டியே தீரும் என்பது உண்மையல்ல. தாண்டும் இடங்களில் முக்கியமானது பேறுகாலம். தடுக்க வசதியான இடமும் அதுதான்.

கேள்வி பிறந்த கதை

பிரசவத்தை ஒட்டி வரும் மனநோயை மருத்துவம் தனியே கவனிக்கத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டில். பிரெஞ்சு மருத்துவர் லூயி விக்தோர் மார்சே, கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் வரும் மனநோய்கள் பற்றி 1858இல் ஒரு நூல் எழுதினார். நம் ஊரில் இதற்கெல்லாம் சேர்த்து ஒரே பெயர்தான்: ஜன்னி. கிருமித் தொற்றால் வரும் காய்ச்சல் பிதற்றலும், ரத்த அழுத்தம் ஏறி வரும் வலிப்பும், உண்மையான மனப்பிறழ்வும் ஒரே சொல்லுக்குள் அடைபட்டன. மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு. அந்த மனப்பிறழ்வு ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில்தான் வருகிறது. வந்தால் உடனடி சிகிச்சை தேவை. அதைவிடப் பல மடங்கு பரவலான மனச்சோர்வுக்கோ நம் பேச்சுவழக்கில் தனிப்பெயரே இல்லை. “பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்ற ஆறுதலுக்குள் அது மறைந்துபோகிறது.

தாயின் பால்யத்தைத் தொட்டிலருகே கொண்டுவந்து நிறுத்தியவர் அமெரிக்காவின் மிச்சிகனில் பணியாற்றிய செல்மா ஃப்ரைபெர்க். 1975இல் இரு சக ஆய்வாளர்களுடன் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பின் பொருள், குழந்தையின் அறையில் உலவும் ஆவிகள் என்பது. அதில் வரும் ஒரு தாய்க்குத் தன் ஐந்தரை மாதக் குழந்தையின் அழுகை கேட்கவே இல்லை. காது நன்றாகத்தான் இருந்தது; அவர் சிறுமியாக அழுதபோது கேட்க யாரும் இருந்ததில்லை. தன் பழைய துயரத்தைச் சொல்லி அழ முடிந்த பிறகு, பிள்ளையின் அழுகை அவர் காதில் விழத் தொடங்கியது. துன்பத்தை மறந்தவர்களைவிட, அதன் வலியை உணர்ந்து நினைவில் வைத்திருப்பவர்களே அதைப் பிள்ளைக்குக் கடத்தாமல் இருக்கிறார்கள் என்பது ஃப்ரைபெர்க்கின் முடிவு.

எண்களின் பலம் வந்தது 1998இல். கலிஃபோர்னியாவின் சான் டியகோவில் உடல் பருமன் சிகிச்சைப் பிரிவை நடத்திய வின்சென்ட் ஃபெலிட்டி, எடை நன்றாகக் குறைந்துவந்தவர்களே பாதியில் நின்றுவிடுவதைக் கவனித்தார். விசாரித்தால் பலர் பால்யத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள். அவரும் ராபர்ட் ஆண்டாவும் சேர்ந்து நடத்திய ஆய்வின் முதல் கட்டுரையில் 9,508 பேர் இடம்பெற்றார்கள். அடி, பாலியல் வன்முறை, வீட்டில் குடி, அம்மா அடிபடுவதைப் பார்ப்பது போன்ற ஏழு வகைத் துன்பங்களைக் கணக்கிட்டார்கள். புறக்கணிப்பு போன்றவை சேர்ந்து பட்டியல் பின்னர் பத்தானது. பாதிக்கு மேற்பட்டோர் ஒன்றையாவது அனுபவித்திருந்தார்கள். நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குக் குடிநோயும் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் நேரும் வாய்ப்பு, ஒன்றுமே அனுபவிக்காதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு அதிகம். இத்தனைக்கும் அவர்கள் பெரும்பாலும் மருத்துவக் காப்பீடு பெற்ற நடுத்தர வர்க்கத்தினர்.

நம்மிடம் எவ்வளவு?

இந்தியாவில் பேறுகால மனச்சோர்வை அளந்த முக்கியமான ஆய்வுகளில் ஒன்று தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் நடந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட அந்த ஆய்வில், பிரசவத்துக்குப் பிறகு சந்தித்த 301 பெண்களில் 11 சதவீதத்தினர் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்தார்கள். காரணங்களின் பட்டியலைப் படித்தால் நம் வீடுகளுக்குள் யாரோ எட்டிப்பார்த்து எழுதியதுபோல இருக்கும்: குறைந்த வருமானம், ஆண்பிள்ளையை எதிர்பார்த்து பெண்பிள்ளை பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் சுமுகமில்லாத உறவு, கர்ப்பகாலத்தில் நேர்ந்த துயரச் சம்பவங்கள், கைவேலைக்கு உதவியின்மை.

அதே ஆண்டு கோவாவில் விக்ரம் பட்டேல் குழுவினர் பார்த்த தாய்மார்களில் 23 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் கர்ப்பமாக இருந்தபோதே மனத்துன்பத்தில் இருந்தவர்கள். பிள்ளை பெற்றதால் வந்ததென்று நாம் நினைப்பது பல நேரங்களில் வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே தொடங்கிவிட்டது. 2017இல் இந்தியாவின் 38 ஆய்வுகளையும் அவற்றிலிருந்த 20,043 பெண்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது கிடைத்த சராசரி 22 சதவீதம். பிரசவ வார்டில் ஐந்து கட்டில்களைக் கடந்தால் அவற்றில் ஒன்றில் இருப்பவருக்கு இந்தத் துன்பம் வரக்கூடும்.

பால்யத்தின் பக்கம் பார்த்தால் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டதில் மூவரில் இருவர் அடிபட்டவர்கள்; 53 சதவீதத்தினர் ஏதோவொரு வகைப் பாலியல் அத்துமீறலைச் சொன்னார்கள். அன்றைய சிறுமிகள் பலர் இன்றைய தாய்மார்கள்.

எந்த வழியாகப் பாய்கிறது?

துன்பம் தலைமுறை தாண்டும் வழிகளை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்: உடல், உறவு, வீடு.

உடலின் வழியைப் பற்றி அதிகம் பேசப்படும் ஆய்வுகள் எலிகளிடம் நடந்தவை. மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி குழுவினர், குட்டிகளை அதிகம் நக்கிக்கொடுக்கும் தாய் எலிகளையும் குறைவாக நக்கிக்கொடுப்பவற்றையும் பிரித்தார்கள். நக்கல் குறைந்த தாயின் குட்டிகள் மிரட்சியோடு வளர்ந்து, தாயான பின் அதேபோல நடந்தன. ஆனால் அக்குட்டிகளைப் பிறந்தவுடன் மாற்றி, அன்பான தாயிடம் விட்டால் வளர்த்தவளைப் போலவே ஆயின. 1999இல் வந்த இந்த முடிவு நூலைவிட நெசவுக்கு அதிக மதிப்புத் தந்தது. 2004இல் இதே குழு, தாயின் பராமரிப்பு குட்டியின் மூளையில் அழுத்த ஹார்மோனை ஏற்கும் மரபணுவின் மேலுள்ள வேதிக்குறிகளை மாற்றுவதைக் காட்டியது.

மனிதர்களிடம் இது இவ்வளவு தெளிவில்லை. யூத இனப்படுகொலையிலிருந்து தப்பியவர்களிடமும் அவர்கள் பிள்ளைகளிடமும் ரேச்சல் யெஹூதா கண்ட மரபணுக்குறி மாற்றங்கள் உலகச் செய்தியாயின. ஆய்வில் இருந்தவர்களோ 32 பெற்றோரும் 22 பிள்ளைகளும்தான். “பாட்டியின் துயரம் பேத்தியின் மரபணுவில்” என்று தலைப்புப் போட இது போதாது. துன்பப்பட்ட பெற்றோரிடம் வளர்ந்த அனுபவத்தையும் கருவிலேயே வந்த மாற்றத்தையும் மனிதர்களிடம் பிரித்தறிவது கடினம்.

இதைவிட உறுதியான சான்று, 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் கர்ப்பிணிகளைச் சேர்த்து, பிள்ளைகள் வளர வளரத் தொடர்ந்த பெரிய ஆய்விலிருந்து வருகிறது. கர்ப்பகாலத்தில் கடும் பதற்றத்தில் இருந்த பெண்களின் பிள்ளைகளுக்கு நான்கு வயதில் நடத்தைச் சிக்கல்கள் கூடுதலாக இருந்தன. தாய் பால்யத்தில் வன்முறைக்கு ஆளாகியிருந்தால் அவர் பிள்ளைக்கு மனநலச் சிக்கல் வரும் வாய்ப்பும் கூடியது. அந்தத் தொடர்பின் நடுவே மூன்று கண்ணிகள் இருந்தன: கர்ப்பகால மனச்சோர்வு, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு, அந்தப் பிள்ளையே வன்முறைக்கு ஆளாவது. கண்ணிகள் தெரிந்தால் எங்கே வெட்டலாம் என்பதும் தெரியும்.

இதே ஆய்வு தந்தையையும் விட்டுவைக்கவில்லை. பிள்ளை பிறந்த பின் மனச்சோர்வுக்கு ஆளான தந்தையரின் குழந்தைகளுக்கு, குறிப்பாக ஆண் குழந்தைகளுக்கு, மூன்றரை வயதில் நடத்தைச் சிக்கல்கள் அதிகம் என 2005இல் தெரியவந்தது. தாயை மட்டும் கூண்டில் ஏற்றும் பழக்கத்துக்கு இது ஒரு பதில்.

உறவின் வழியை லண்டனில் பீட்டர் ஃபொனாகி குழுவினர் ஆராய்ந்தார்கள். தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்த நூறு பெண்களிடம், பிள்ளை பிறக்கும் முன்பே அவர்களுடைய பால்யத்தைப் பற்றி விரிவாகப் பேசினார்கள். பிள்ளைக்கு ஒரு வயதானபோது தாயிடம் அது எப்படி ஒட்டிக்கொள்கிறது என்று பார்த்தார்கள். பேட்டியை வைத்துக் கணித்தது 75 சதவீதம் பொருந்தியது. அந்தப் பேட்டியில் மதிப்பிடப்பட்டது பால்யத்தில் என்ன நடந்தது என்பதைவிட, அதை எப்படிச் சொல்கிறார் என்பது. கொடுமை அனுபவித்தும் அதைக் கோர்வையாக, தன்னை ஏமாற்றிக்கொள்ளாமல் சொல்ல முடிந்தவர்களின் பிள்ளைகள் நிம்மதியாக ஒட்டிக்கொண்டார்கள்.

மூன்றாவது வழியான வீடுதான் நம் சூழலில் கனமானது. குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 சதவீதத்தினர் கணவனின் வன்முறையைச் சந்தித்தவர்கள். நாட்டின் சராசரி 29. அம்மாவை அப்பா அடிப்பதைப் பார்த்து வளர்ந்த பெண்களே கணவனிடமும் அதிகம் அடிபடுகிறார்கள் என்பதையும் அக்கணக்கெடுப்பு காட்டுகிறது. இங்கே துன்பம் மரபணுவில் ஏறிப் பயணிக்கத் தேவையில்லை. குடி, கடன், அடி இருக்கும் வீட்டிலிருந்து அவை இருக்கும் இன்னொரு வீட்டுக்குக் கல்யாணம் கட்டிக்கொடுத்தாலே போதும்.

தாய்வீடு என்னும் இருமுனை

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். வளைகாப்பு முடிந்து பெண்ணை அழைத்துப்போவார்கள். பத்தியச் சாப்பாடு, பிரசவ மருந்து, எண்ணெய்க் குளியல், பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் என எல்லாம் அங்கே கிடைக்கும். கைவேலைக்கு உதவியின்மை மனச்சோர்வுக்குக் காரணமாகிறது என்று வேலூர் ஆய்வு சொல்வதை வைத்துப் பார்த்தால், நம் முன்னோர் கண்ட நல்ல மருந்துகளில் இது ஒன்று.

ஆனால் அந்தப் பெண்ணின் காயம் தாய்வீட்டிலேயே பட்டதாக இருந்தால்? குடித்துவிட்டு அடித்த அப்பாவும், தெரிந்தும் வாய் திறக்காத அம்மாவும், சிறு வயதில் தொட்ட உறவினரும் இருக்கும் வீட்டுக்குத்தான் உடல் மிகவும் தளர்ந்த மாதங்களில் அவர் திரும்பிப் போகிறார். பெற்றோருடன் சுமுகமில்லாத உறவும் மனச்சோர்வுக்கு ஒரு காரணம் என்று வேலூர் ஆய்வு தந்த ஒரு வரியை இந்த இடத்தில் வைத்துப் படிக்க வேண்டும். மாமியார் கொடுமையைப் பேச நமக்குச் சொற்கள் உண்டு, சினிமா உண்டு, சீரியல் உண்டு. தாய்வீட்டுக் கொடுமையைப் பேச ஒன்றும் இல்லை. “அம்மா வீட்ல இருக்கா, அவளுக்கென்ன குறை?” என்ற கேள்வி அந்தப் பெண்ணின் வாயை அடைத்துவிடுகிறது. அவர் சொல்வதெல்லாம் தலை கனக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, பால் சரியாக வரவில்லை என்பதுதான். சத்து மாத்திரையோடு திருப்பி அனுப்புகிறோம்.

போர் நடந்த மண்ணில்

துன்பம் ஒரு குடும்பத்தோடு நிற்காமல் ஒரு சமூகத்தையே சூழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையின் வடகிழக்கு சாட்சி. அங்கே 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2008இல் வெளியானது. போர்ச் சம்பவம் ஒன்றையாவது நேரில் கண்டவர்கள் 82 சதவீதம். வீட்டுக்குள் ஏதாவதொரு கொடுமையை அனுபவித்தவர்கள் அதையும் தாண்டி 95 சதவீதத்துக்கு மேல். தந்தையின் குடியும் பிள்ளை கண்ட போரும் கூடக் கூட வீட்டில் படும் அடியும் கூடியது. ஷெல் விழுந்த சத்தம் அடங்கிய பிறகும் போர் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகளாக வலியுறுத்திவருவது இதைத்தான்: தனி ஆளின் மனவடுவை மட்டும் ஆற்ற முயன்றால் போதாது, குடும்பமும் ஊரும் சேர்ந்து ஆற வேண்டும். அந்தப் பிள்ளைகளின் தலைமுறை இப்போது பிள்ளை பெறும் வயதில் இருக்கிறது.

விதியா?

இவ்வளவையும் படித்தபின், அடிபட்ட பிள்ளை அடிக்கும் தாயாகத்தான் ஆவாள் என்று தோன்றலாம். தோன்றக் கூடாது. ஜோன் காஃப்மனும் எட்வர்ட் சிக்லரும் 1987இல் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, வன்முறைக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ 30 சதவீதத்தினரே தங்கள் பிள்ளைகளிடம் அதைத் திருப்பிச் செய்கிறார்கள் என்றார்கள். மூவரில் இருவர் செய்வதில்லை. மினசோட்டாவில் பைரன் எகலண்ட் குழுவினர், சுழலை அறுத்த தாய்மார்களிடம் பொதுவாக இருந்தவற்றைத் தேடினார்கள். சிறுவயதில் பாசம் காட்டிய ஒரு பெரியவர், வாழ்வில் எப்போதாவது கிடைத்த மனநல சிகிச்சை, ஆதரவான நிலையான துணை ஆகியவையே அவர்கள் கண்டவை. நம் வீடுகளில் அந்தப் பெரியவர் ஒரு பாட்டியாக, அத்தையாக, பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்திருக்கலாம்.

கேத்தி விடோம் 2015இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு எச்சரிக்கை தருகிறது. பால்யத்தில் கொடுமைக்கு ஆளானதாகப் பதிவானவர்களின் வீடுகளை அதிகாரிகள் கூடுதலாகக் கண்காணிப்பதால், அங்கே தவறு கூடுதலாகப் பிடிபடுகிறது. பிறர் வீட்டில் நடப்பது தப்பிவிடுகிறது. நினைவும் நம்பகமான சாட்சியல்ல. பால்யத்தில் பதிவான கொடுமையையும் பெரியவர்களானபின் அவர்கள் சொல்வதையும் ஒப்பிட்ட 2019ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில், பதிவானவர்களில் பாதிப்பேர் அதைச் சொல்லவில்லை. சொன்னவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பதிவில்லை. பால்யத் துன்பத்தை எண்ணி மதிப்பெண் போடும் முறையை உருவாக்கிய ராபர்ட் ஆண்டாவே, அதைத் தனிமனிதர்களை வகைப்படுத்தப் பயன்படுத்தக் கூடாது என்று 2020இல் எழுதினார்.

எனவே கர்ப்பிணிகளிடம் பால்யக் கணக்கு எடுத்து அட்டையில் குறிப்பது தவறான வழி. பழையதைக் கிளறி, உதவிக்கு ஆளில்லாமல் வீட்டுக்கு அனுப்புவது இன்னொரு காயம். கேட்க வேண்டியது இன்றைய நிலையை. பால்யத்தைச் சொல்ல அவரே விரும்பினால் கேட்டுக்கொள்ள ஒரு காது வேண்டும்.

பலன் தந்தவை

கேட்டபின் என்ன செய்வது? பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில் அதிஃப் ரகுமான் குழுவினர், மனநல மருத்துவர்கள் இல்லாத இடத்தில் ஊர்ச் சுகாதாரப் பணிப்பெண்களுக்கே பேச்சு சிகிச்சையில் பயிற்சி தந்தார்கள். மனச்சோர்வில் இருந்த 903 கர்ப்பிணிகளிடம் இது சோதிக்கப்பட்டது. பிரசவமாகி ஆறு மாதத்தில், சிகிச்சை பெற்றவர்களில் 23 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 53 சதவீதத்தினருக்கும் மனச்சோர்வு நீடித்தது. 2008இல் வெளியான இந்த முடிவைத் தொடர்ந்து உலக சுகாதார நிறுவனம் இம்முறையைக் கையேடாக்கியது.

அதே ஆய்வுக்கு ஒரு பின்கதையும் உண்டு. அந்தப் பிள்ளைகளை ஏழு வயதில் பார்த்தபோது அறிவு வளர்ச்சியிலும் நடத்தையிலும் இரு பிரிவினருக்கும் வித்தியாசமில்லை. தாயின் மனச்சோர்வு தீர்வது தாய்க்காகவே வேண்டும். பிள்ளையின் எதிர்காலத்துக்கு அது மட்டும் போதாது. வறுமையும் பள்ளியும் வீட்டு வன்முறையும் அப்படியே இருந்தால் பேச்சு சிகிச்சை எவ்வளவு தூரம் இழுக்கும்?

ஜார்க்கண்ட், ஒடிசா பழங்குடிப் பகுதிகளில் ஏக்ஜுட் அமைப்பு மனநலம் என்ற சொல்லையே முன்வைக்காமல் வேலை செய்தது. பெண்கள் மாதமொருமுறை கூடி, பிரசவத்திலும் பிள்ளை வளர்ப்பிலும் உள்ள சிக்கல்களைப் பேசித் தாங்களே தீர்வு தேடினார்கள். பச்சிளம் குழந்தை இறப்பு குறைந்தது. மூன்றாம் ஆண்டில் தாய்மார்களின் மிதமான மனச்சோர்வு 57 சதவீதம் குறைந்திருந்தது. தீவிர நிலையில் இருப்பவர்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தில் தாயையும் சேயையும் பிரிக்காமல் சிகிச்சை தரும் பிரிவு 2009 முதல் இயங்குகிறது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சிகிச்சையிலிருக்கும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் சொல்கிறது. ஆனால் அப்படியொரு பிரிவு மாவட்டத்துக்கொன்று என்பது இன்னும் கனவுதான்.

இங்கே, இப்போது

தமிழ்நாட்டிடம் இதற்கான ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டு வாசல்வரை வரும் கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார்; முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்திட்டத்தால் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே பெயர் பதிவாகிறது; தடுப்பூசிக்குத் தாய் தவணை தவறாமல் வருகிறார். கேட்பதற்கான சந்தர்ப்பம் ஒன்றல்ல, பத்து. ஏற்கெனவே வேலைச்சுமையில் தவிக்கும் செவிலியர் தலையில் இன்னொரு பதிவேட்டைக் கட்டுவதா என்ற ஆட்சேபம் நியாயமானது. பதிவேடு கூடினால் கேள்வி சடங்காகிவிடும். பயிற்சியும், அனுப்பிவைக்க ஆலோசகரும், அடிக்கும் வீட்டிலிருந்து வெளியேற விரும்புவோருக்கு இடமும் சேர்ந்து வந்தால்தான் கேள்விக்குப் பொருளுண்டு. கணவனையும் ஒருமுறை உட்காரவைத்துப் பேச வேண்டும்.

வீட்டிலிருப்பவர்கள் அரசுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை பெற்றவர் இரண்டு வாரத்துக்கு மேல் கலகலப்பின்றி இருந்தால், பிள்ளை தூங்கும்போதும் தூங்க முடியாமல் தவித்தால், சாவைப் பற்றிப் பேசினால், பச்சை உடம்பென்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

பேறுகால மனச்சோர்வை முதற்கட்டமாகக் கண்டறிய எடின்பரோவில் 1987இல் உருவான வினாத்தாளில் இருப்பவை பத்தே கேள்விகள், கடந்த ஏழு நாட்களைப் பற்றியவை. பதில் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அதன் தமிழ் வடிவம் வேலூரில் சரிபார்க்கப்பட்டு 2005இலேயே வெளிவந்துவிட்டது.